இடது கை ரத்தம்

கட்டி இருந்தது கழுத்தின் வலது பக்கம். அதனால் என் வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைக்கு எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவார்.

ரத்தம் எடுக்கிற அம்மா முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை, "இந்தக் கையில நரம்பு சரியாத் தெரியலைங்க, அந்தக் கையைக் குடுங்க" என்றார். இவர் சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிவிட்டு, "இதுலயே பாருங்க மேடம், நல்ல சைடு இதுதானுங்க" என்றார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமென்றால் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். முதலிபாளையம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் ஃபேப்ரிக் இன்சார்ஜ். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததும் அதில் ஒரு துண்டை வெட்டி டெஸ்டிங் லேபுக்கு அனுப்ப வேண்டும். துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா, எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்து அங்கே பாஸ் அல்லது ஃபெயில் என்று ரிப்போர்ட் கொடுப்பார்கள். பாஸ் ஆனால்தான் துணியைக் கட்டிங்குக்கு விட முடியும். என் வீட்டுக்காரரின் வேலை, உள்ளதைச் சொன்னால், துணியைப் பாஸ் ஆக்குவது.

அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரோலின் ஓரத்தில் துண்டு வெட்ட மாட்டார், நடுவில் நன்றாக வந்திருக்கும் இடமாகப் பார்த்து வெட்டுவார். சுருங்கும் என்று சந்தேகம் வந்துவிட்டால் துண்டை வீட்டுக்கே கொண்டுவந்து, எங்கள் குளியலறை பக்கெட்டில் ஊறப்போட்டு, அலசி, கொடியில் காயவைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் லேபுக்குக் கொடுப்பார். ஏற்கெனவே சுருங்கி முடித்த துணி லேபில் மறுபடி எதற்குச் சுருங்கப் போகிறது? அப்படியும் ஃபெயில் ஆனால் வேறு லேபுக்கு அனுப்புவார். அதற்குப் பெயர் ரீ-டெஸ்ட். எங்கள் ஊரில் லேபுக்குப் பஞ்சமில்லை.

நான் வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் டி-ஷர்ட்டில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. டெய்லர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஆக, எங்கள் வீட்டில் பாஸ் போடுகிறவர் ஒருவர், ஃபெயில் போடுகிறவள் ஒருத்தி. இதை வைத்து நாங்கள் சண்டை போட்டதே இல்லை. அவர் கம்பெனித் துணி வேறு, என் கம்பெனித் துணி வேறு.

கட்டியை முதலில் பார்த்தது நான்தான். வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற கோட்டா ஒழிந்து ஆர்டர் வந்து குவிந்த காலம். காலை டீயைக்கூட அவர் நின்றுகொண்டுதான் குடிப்பார். ஒரு நாள் அண்ணாந்து கடைசி மடக்கைக் குடிக்கும்போது தொண்டைக்கு வலப்பக்கம் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. நடுவில் தொண்டைக்குமிழ் ஏறி இறங்குவது எல்லோருக்கும் உள்ளது. பக்கத்தில் இன்னொன்று எதற்கு?

"ஏனுங், கழுத்துல என்னமோ இருக்குதுங்க."

"சதையா இருக்கும் அம்மிணி. குண்டாயிட்டு வாரனல்ல."

ஆள் ஒல்லிக்குச்சி. பாஸ் போட்டுப் பழகிய வாய், சொந்தக் கழுத்துக்கும் யோசிக்காமல் பாஸ் போட்டது. நான் விடவில்லை. அவர் முதலாளிக்கு நானே போன் செய்து லீவு கேட்டு, கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனேன். கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். தைராய்டு கேன்சர்.

டாக்டர் ஒரு அம்மா. எங்களை விடக் கொஞ்சம்தான் மூத்தவர். "பயப்படாதீங்க, கேன்சர்லயே இது நல்ல கேன்சர்" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று நினைத்துக்கொண்டார் போல. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நல்ல கேன்சராம். நல்ல ஓட்டை, நல்ல கறை என்று என்னிடம் எந்த டெய்லராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு.

தைராய்டு சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டார்கள். அது சுரக்க வேண்டியதை இனி ஆயுசுக்கும் மாத்திரையாக விழுங்க வேண்டும். கத்தி வைத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் மீதிச் செல்களை அழிக்கக் கதிர்வீச்சு அயோடின் கொடுப்பார்கள். அது வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்னால் சில வாரம் அந்த மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டும்.

மாத்திரை இல்லாமல் அவர் ஆள் மாறிப் போனார். முகம் ஊதிவிட்டது. குரல், பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டர் மாதிரி இழுத்தது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் சோற்றை வடித்துவிட்டு வந்துவிடலாம். அப்புறம் அயோடின் கொடுத்துத் தனி அறையில் அடைத்தார்கள். உடம்பிலிருந்து கதிர் வருமாம், யாரும் பக்கத்தில் போகக் கூடாதாம். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். வீடு திரும்பி, மாத்திரை போட ஆரம்பித்துக் கொஞ்சங் கொஞ்சமாகப் பழைய ஆள் ஆனார். அந்த வாரங்களைப் பற்றி மட்டும் பேச்செடுக்க மாட்டார்.

அப்போதுதான் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைச் சொன்னார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தத்துல தைரோகுளோபுலின் பாக்கணும். அது ஒரு டியூமர் மார்க்கர்."

எங்கள் ஊரில் மார்க்கர் என்றால் கட்டிங் மேஜையில் துணிக்கு மேல் விரிக்கிற நீளமான காகிதம். எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று அதில் கோடு போட்டிருக்கும். இவர் கம்பெனியில் போய் 'ரத்தத்துல மார்க்கர் பாக்கறாங்க' என்று சொல்லியிருக்கிறார். கட்டிங் மாஸ்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எதுக்குங்ணா, மறுபடியும் வெட்டறதுக்குங்களா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விஷயம் கிட்டத்தட்ட அதுதான்.

டாக்டர் விளக்கியது எனக்கு நன்றாகவே புரிந்தது. தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல் மட்டுமே உண்டாக்குகிற ஒரு புரதம். சுரப்பியையே எடுத்துவிட்ட ஆளின் ரத்தத்தில் அதற்கு வேலை இல்லை. இருந்தால், அதுவும் கூடிக்கொண்டே போனால், அந்தச் செல் உடம்பில் எங்கேயோ குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். கழுத்து நெறிக்கட்டியாக இருக்கலாம், நுரையீரலாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் கேட்டார், "டாலரன்ஸ் எவ்வளவுங்க மேடம்?"

துணியின் எடை சொன்னதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஆர்டர் கொடுத்த பையர் ஏற்றுக்கொள்வான். அந்தக் கொஞ்சத்துக்குப் பெயர் டாலரன்ஸ். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "கூடக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

தைரோகுளோபுலின் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. டி.ஜி. என்று சுருக்கிக்கொண்டார். ரத்தத்தை எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு பம்பாய்க்கு அனுப்புவார்கள். டி-ஷர்ட் சாம்பிள் போகிற மாதிரியே அதுவும் கூரியரில் போகும். ரிப்போர்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவர் மட்டும் ஷிப்மென்ட், ஷிப்மென்ட் என்று ஓடிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் டி.ஜி. கம்மியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு தடவை கொஞ்சம் கூடியது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். பார்க்கச் சின்ன எண்தான். நான் பழைய ரிப்போர்ட்டுகளோடு அதை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

"கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பாத்துடலாம். தேவைப்பட்டா மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி அயோடினும் பாக்கணும்" என்றார் டாக்டர்.

இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஊர் திரும்பும்போது பஸ் அவிநாசியைத் தாண்டியதும், "அந்த லேபு சரியில்லை அம்மிணி" என்றார்.

அடுத்த சில நாள் எங்கள் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது. காலையில் வெறும் வயிற்றில் இளநீர். மத்தியானம் மோர். ராத்திரி கஞ்சி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தார். டீயை நிறுத்தினார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். எனக்கு விளங்கிவிட்டது. மனுஷன் ரத்தத்தை ஊறப்போட்டு அலசிக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு லேபுக்குப் போய் இடது கையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ரிப்போர்ட் வந்த சாயங்காலம் ஜாங்கிரியோடு வந்தார். டி.ஜி. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குக் கம்மி. "பாஸ்!" என்றார் வாசலிலேயே. பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஜாங்கிரி போனது. நானும் ஒன்று தின்றேன். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு ஜாங்கிரி தின்று முடிக்கிற வரைக்கும் உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் கை கழுவப் போனேன். குளியலறையில் பக்கெட் இருந்தது. அதில் கம்பெனிக்கு வந்திருந்த அடுத்த லாட்டுத் துணியின் துண்டு ஒன்று ஊறிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து, "நாளைக்குக் கோயமுத்தூர் போவோணுமுங்க" என்றேன்.

"எதுக்கு? அதான் பாஸ் ஆயிருச்சல்ல."

"ரெண்டு ரிப்போர்ட்டையும் டாக்டருகிட்டக் காட்டோணும்."

"பாஸானதுக்கப்புறம் பழைய ஃபெயில் ரிப்போர்ட்டை எவனாச்சும் மறுபடி பையருகிட்டக் காட்டுவானா?"

அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க பாஸ் போட்டு அனுப்பற துணி கப்பலேறிப் போயிருது. சுருங்குச்சுன்னா எங்கியோ ஒரு வெள்ளைக்காரன் திட்டிட்டுத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குவான். இந்த லாட்டு எங்கீங்க போவுது? என்ற ஊட்டுக்குத்தான வருது? நாந்தானுங்க பையர். எனக்கு வேற வாங்க முடியாதுங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. கோபத்தை ஒழுங்காகக் கோபமாகவே முடித்திருக்கலாம்.

அவர் ஜாங்கிரி டப்பாவை மூடித் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார், "கத்தி வெக்கறதுக்கெல்லாம் எனக்குப் பயமில்லை. அந்த மாத்திரையை நிறுத்தறதுதான். அப்ப ஒரு நாளு உன்ற பேரு எனக்கு வல்லை அம்மிணி. காத்தால எந்திரிச்சதுல இருந்து யோசிச்சுப் பாக்கறேன், வரவே மாட்டீங்குது. அன்னைக்குப் பூரா அம்மிணி அம்மிணின்னே கூப்பிட்டுச் சமாளிச்சேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். அதனால்தான் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று கம்பெனியில் பெயர் வாங்கியவள் நான்.

எதிரே உட்கார்ந்தேன். "பேரு மறந்தா மறந்துட்டுப் போவுதுங்க. ஆளு நான் பக்கத்துல இருக்கறனல்ல. கேட்டா நானே சொல்றேன்."

"கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"இனிமே கேளுங்க."

மறுநாள் போனோம். டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்ப்பதை விட இவரை அதிகம் பார்த்தார். இவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"வேற வேற லேப்ல எடுத்த டி.ஜி.யை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே கூடாதுங்க. ஒவ்வொருத்தர் முறையும் வேற" என்றார். பிறகு, "இவ்வளவு தூரம் இறங்கினதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. ஆன்டிபாடி பாக்கணும்" என்று இன்னொரு பரிசோதனை எழுதினார்.

அந்த ரிப்போர்ட் வந்த பிறகு டாக்டர் சொன்னது இது. சிலருடைய ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிராக ஆன்டிபாடி என்று ஒன்று உண்டாகும். அது போய் தைரோகுளோபுலினைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சில லேப் முறைகளில் அது கண்ணிலேயே படாது. இருக்கிறதை இல்லை என்று ரிப்போர்ட் சொல்லிவிடும். இவர் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி நிறைய இருந்தது. முதல் அறுவைக்குப் பிறகு பார்த்தபோது இருந்ததை விடக் கூடியிருந்தது. அப்படிக் கூடுவதே நோய் எங்கோ உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு அறிகுறி.

"அப்ப அந்த லேபு ஏமாந்துபோச்சுங்களா மேடம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமாங்க. உங்க ரத்தம் ஏமாத்திடுச்சு."

இத்தனை வருடம் எத்தனையோ லேபுகளுக்குத் தண்ணி காட்டியவர். இந்தத் தடவை இளநீரும் மோரும் எண்ணெய்க் குளியலும் எதுவுமே தேவைப்படவில்லை, ரத்தமே தன்னை மறைத்துக்கொண்டு போயிருக்கிறது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் இவர் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பார். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

கழுத்து ஸ்கேனில் இரண்டு நெறிக்கட்டிகள் தெரிந்தன. ஊசி குத்திப் பார்த்ததில் அதேதான். நெஞ்சு ஸ்கேனில் நுரையீரலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். செக்கிங்கில் நானும் அப்படித்தான் சொல்வேன். மறுபடி அறுவை, அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி அயோடின் என்று முடிவானது. இவர் எதிர்ப்பேச்சு பேசவில்லை. ஷிப்மென்ட் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

அறுவை முடிய நினைத்ததை விட அதிக நேரம் ஆனது. டாக்டரம்மா வெளியே வந்து, முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் பேசினார். "தெரிஞ்சதை எல்லாம் எடுத்தாச்சுங்க. தெரியாம ஏதாவது மிச்சம் இருக்கான்னு இப்பச் சொல்ல முடியாது. ரத்தம்தான் சொல்லணும். அதுவும் உடனே சொல்லாது. அந்த ஆன்டிபாடி இறங்குதா, ஏறுதான்னு மாசக்கணக்காப் பாக்கணும். பொறுமையா இருங்க."

சரிங்க என்றேன். பொறுமை எல்லாம் எனக்குக் கிடையாது. டாக்டர் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒரு ஆயா வந்து காலைத் தூக்கச் சொல்லி, தரையைக் கூட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டு, பக்கத்தில் ஒரு குழாய். முகம் சாயம் போன துணி மாதிரி வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதட்டை அசைத்தார். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கேட்கவில்லை. குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"பாஸா?"

எத்தனை வருடச் சர்வீஸ் எனக்கு. திருப்பிப் பார்க்காமல், உள்பக்கம் பார்க்காமல், வெளிச்சத்தில் பிடிக்காமல் ஒரு பீஸைக்கூட நான் பாஸ் போட்டதில்லை. என் கையில் அப்போது ஒரு ரிப்போர்ட்டும் இல்லை. டாக்டர் சொன்னது அப்படியே காதில் நின்றது.

"பாஸுங்க" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மறுபடி உதடு அசைந்தது. மறுபடி குனிந்தேன்.

"எந்த லேப்புல?"

"என்ற லேப்புலதானுங்க."

பிறகு என் கையை இழுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ரீ-டெஸ்ட் கேட்கவில்லை.